ஆயிரம் வாட் என்று எழுதியிருந்தால் ஆயிரம் வாட்டா?

திருநெல்வேலிப் பேட்டையில் எனக்கு ஒரு சின்ன வைண்டிங் பட்டறை. கிணற்று மோட்டார், மோனோபிளாக், மாவு கிரைண்டர் என்று காயில் கருகி வருகிற எதையும் கட்டிக் கொடுப்பேன். நாலைந்து வருஷமாகப் புதிதாக ஒரு கூட்டம் வந்துபோகிறது. பாலிடெக்னிக் பையன்கள், ஒன்றிரண்டு விவசாயிகள், பென்ஷன் வாங்குகிற வாத்தியார் ஒருவர். கையில் ஒரு ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிற மோட்டார்), அதை ஓட்டும் கன்ட்ரோலர் என்கிற ஒரு அலுமினியப் பெட்டி, பெட்டியிலிருந்து தொங்கும் பத்துப் பதினைந்து வயர். கேள்வி மட்டும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, இது ஆயிரம் வாட்டு. பழைய மொபெட்ல மாட்டுனா ரெண்டாளு போவலாமா?"

"எங்கலே போவணும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கேலிக்குக் கேட்பதில்லை. பாளையங்கோட்டைத் தெருவுக்குள் காய்கறி வாங்கிவருகிற வண்டிக்கு ஒரு மோட்டார் போதும். பாபநாசத்திலிருந்து காரையாறுக்கு ஏறுகிற வண்டிக்கு அது போதாது. ஆடிக் காற்றில் பணகுடிப் பக்கம் ஓடுகிற வண்டிக்கு வேறு கணக்கு. மோட்டாரைப் பார்த்து வண்டியைத் தீர்மானிப்பது, கிணற்றின் ஆழம் தெரியாமல் பம்பு வாங்குவது மாதிரி.

முதலில் அந்த வாட் கணக்கு. கிணற்று மோட்டாரின் தகட்டில் 1 எச்.பி. என்று இருந்தால் அது 746 வாட். மும்முனை மின்சாரம் வந்ததும் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க ஓடவிடலாம். அந்த மோட்டார் அதைத் தாங்கும் என்பதே அந்தத் தகட்டின் பொருள். ஹப் மோட்டாரின் மூடியில் இருக்கிற எண்ணுக்கு அப்படி ஒரு பொருள் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. தொடர்ந்து ஓடும் திறனாக இருக்கலாம், அரை மணி நேரம் தாங்கும் திறனாக இருக்கலாம், அரை நிமிஷம் மட்டும் தாங்கும் உச்சமாகவும் இருக்கலாம். விற்கிறவரிடம் "தொடர்ந்து எவ்வளவு?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் எழுதியிருக்கிற எண்ணில் பாதியை எடுத்துக்கொள்வது என் பழக்கம். (காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். அது சில விநாடி ஓடுவதற்கென்றே செய்தது. தொடர்ந்து ஓடவிட்டால் வார்னிஷ் வாசம் தெருமுனை வரை வரும்.)

இழுவை வேறு, திறன் வேறு

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நிலையை விட்டுக் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வடம் முழுக்க ஆள் நிற்கும். பின்னால் சக்கரத்துக்கு நெம்புதடி போடுவார்கள். அத்தனை பேர் சேர்ந்து இழுத்தும் தேர் முதலில் ஓர் அங்குலம்தான் நகரும். அங்கே இழுவை மலையளவு, வேகம் கிட்டத்தட்ட இல்லை. திறன் என்பது இழுவையை வேகத்தால் பெருக்கினால் வருவது. ஆகவே அந்த நொடியில் திறன் சொற்பம்தான். மனிதர் தோளில் ஏறும் பாரமோ இழுவையின் பாரம்.

மோட்டாருக்கும் இதே கதை. சக்கரத்தைத் திருப்பும் இழுவையை முறுக்குவிசை என்று புத்தகத்திலும் டார்க் என்று பட்டறையிலும் சொல்கிறோம். மோட்டாரைச் சூடேற்றுவது முறுக்குவிசைதான், வேகம் அவ்வளவாக இல்லை. முறுக்குவிசை வேண்டுமென்றால் காயிலுக்குள் ஆம்பியர் போக வேண்டும். ஆம்பியர் இரண்டு மடங்கானால் செம்பில் பிறக்கும் சூடு நாலு மடங்கு. வாட்டை மட்டும் பார்த்து மோட்டார் வாங்கியவர்கள் ஏற்றத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். வண்டி, பேட்டரி, இரண்டு ஆள் எல்லாம் சேர்த்து 200 கிலோ. சமதளத்தில் டயர் உருள்வதற்கான தடை, எடையில் சுமார் நூற்றுக்கு ஒன்றரை பங்கு. அதாவது 29 நியூட்டன். 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் தடை, இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மொபெட்டுக்கு ஏறக்குறைய 44 நியூட்டன். இரண்டும் சேர்ந்து 73. வேகம் விநாடிக்கு 11.1 மீட்டர். பெருக்கினால் 800 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. சரி, ஆயிரம் வாட் மோட்டார் ஓட்டிவிடும் போல இருக்கிறது.

இப்போது ஏற்றம். நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் உயருகிற சாலை. வேகத்தை 20 ஆகக் குறைத்துவிட்டோம். ஏற்றம் மட்டும் பின்னுக்கு இழுப்பது 98 நியூட்டன். டயர், காற்று எல்லாம் சேர்த்து 138. பெருக்கினால் 770 வாட். சமதளத்தை விடக் குறைவு! ஆனால் இழுவை 73-லிருந்து 138-க்குப் போய்விட்டது. வாட் மீட்டரை மட்டும் பார்க்கிறவர் நிம்மதியாக இருப்பார். உள்ளே காயில் வெந்துகொண்டிருக்கும்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொன்று உண்டு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று. பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்காற்றில் 40-இல் போனால், வண்டியின் கண்ணுக்கு அது 70 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை 44-லிருந்து 136 நியூட்டனுக்கு ஏறும். டயரும் சேர்ந்து 165. அதாவது நாம் பார்த்த மலையேற்றத்தை விட அதிகம், தேவைப்படும் திறன் 1800 வாட்டுக்கு மேல். மலையாவது ஓரிடத்தில் இறங்கும். இந்த ஏற்றம் வீடு திரும்பும் வரை இறங்காது.

எண்ணை மோட்டாருக்கு மாற்றுவது

ஒவ்வொரு காந்த மோட்டாருக்கும் ஓர் எண் உண்டு: ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று. 48 வோல்ட்டில் பாரமில்லாமல் 600 ஆர்.பி.எம். சுற்றுகிறது என்றால் 12.5. இந்த ஒரே எண் ஆம்பியருக்கு எவ்வளவு முறுக்குவிசை என்பதையும் சொல்லிவிடும். 9.55-ஐ அதால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 9.55-ஐ 12.5-ஆல் வகுத்தால் ஆம்பியருக்கு 0.76 நியூட்டன் மீட்டர்.

மொபெட் சக்கரத்தின் ஆரம் டயரோடு 26 சென்டிமீட்டர் சொச்சம். ஏற்றத்தின் 138 நியூட்டன் அங்கே 37 நியூட்டன் மீட்டர் ஆகிறது. 37-ஐ 0.76-ஆல் வகுத்தால் 48 ஆம்பியர். காயிலின் மின்தடை 0.1 ஓம் என்று வையுங்கள். 48-ஐ 48-ஆல் பெருக்கி 0.1-ஆல் பெருக்க, 230 வாட் வெறும் சூடாகப் போகிறது. பணகுடிக் காற்றில் 57 ஆம்பியர், 325 வாட் சூடு. ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியை மூடிய டப்பாவுக்குள் போட்டு வைத்த மாதிரி.

இங்கே புதியவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற ஒரு கல் இருக்கிறது. மோட்டாருக்குள் 48 ஆம்பியர் போகும்போது பேட்டரியிலிருந்து அதே 48 வருவதில்லை. ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டாருக்கு வேண்டியது 21 வோல்ட் போலத்தான். கன்ட்ரோலர் பேட்டரியின் 48 வோல்ட்டை நறுக்கி 21 ஆக்கி, ஆம்பியரைப் பெருக்கித் தருகிறது. பேட்டரி தருவது 21 ஆம்பியர்தான். ஆக, பேட்டரி வயரில் கிளாம்ப் மீட்டரைப் போட்டுவிட்டு "இருபதுதான அண்ணாச்சி ஓடுது" என்று சொல்வதில் பொருளில்லை. மோட்டார் வேகிற சமாசாரம், பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகிற மூன்று தடித்த வயரில் ஓடுகிறது.

ஏற்றம் அதிகமுள்ள ஊர்க்காரர்களுக்கு என் யோசனை, ஹப் மோட்டாரை விட்டுவிட்டுச் செயின் போட்ட மோட்டாருக்குப் போங்கள் என்பதே. ஒன்றுக்கு ஐந்து பல்சக்கரம் வைத்தால், சக்கரத்தில் 37 வேண்டிய இடத்தில் மோட்டார் ஏழரை கொடுத்தால் போதும். செயின் சத்தமும் கிரீஸும் கூடவே வரும். சமதளக்காரருக்கு ஹப் நிம்மதி.

கன்ட்ரோலர்

அந்த அலுமினியப் பெட்டிக்குள் இருப்பது ஆறு சுவிட்சுகள், அல்லது ஆறு கூட்டம் சுவிட்சுகள். மாஸ்ஃபெட் என்று பெயர். சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஹால் சென்சார் சொல்ல, அதற்கேற்ற இரண்டு காயிலுக்கு மின்சாரம் விடுவதுதான் வேலை.

வாங்கும்போது வோல்ட்டைப் பார்ப்பதில் ஒரு சூது உண்டு. பேட்டரியின் பெயர் 48 வோல்ட். ஆனால் 16 செல் எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி முழுசாக சார்ஜ் ஆனால் 58.4 வோல்ட். பல 48 வோல்ட் கன்ட்ரோலர்களின் கெப்பாசிட்டர் மேல் 63 வோல்ட் என்று இருக்கும். மூடியைத் திறந்தால் கண்ணாலேயே படிக்கலாம். அதில் கொண்டுபோய் 60 வோல்ட் பேட்டரியை மாட்டுவது வெடியைப் பையில் வைத்துக்கொள்கிற வேலை. பேட்டரியின் பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கிற சர்க்யூட்) தாங்கும் ஆம்பியர், கன்ட்ரோலரின் உச்சத்தை விடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையேல் நடு ஏற்றத்தில் வண்டி செத்துப் போகும். வீட்டு மாறுதிசை மின்சாரத்துக்கான எம்.சி.பி.யை (ஆம்பியர் மீறினால் தானாக விழுகிற சுவிட்சை) இதற்கு வைக்காதீர்கள். நேர் மின்சாரத்தின் தீப்பொறியை அணைக்க அதற்குத் தெரியாது. சோலார் கடைகளில் டி.சி. எம்.சி.பி. கிடைக்கிறது.

போர்டில் தடித்த வளைந்த கம்பி ஒன்று தெரியும். அதற்கு ஷன்ட் என்று பெயர். எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை அதை வைத்துத்தான் கன்ட்ரோலர் அளக்கிறது. அதன் மேல் ஈயத்தை உருக்கி வைத்தால் அளவு குறைவாகத் தெரிந்து, பெட்டி தன் வரம்பை மீறிக் கொடுக்கும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் வைத்தேன். 30 ஆம்பியர் கன்ட்ரோலர், ஆடி மாசம், காற்றாலைப் பண்ணைக்குள் போகிற தனித் தடத்தில் ஓட்டிப் பார்க்கத் தெரிந்தவர் அனுமதி வாங்கித் தந்திருந்தார். எதிர்காற்றில் வண்டி முக்கியது. வீட்டுக்கு வந்து ஈயம் வைத்தேன். மறுநாள் வண்டி சிட்டாய்ப் பறந்தது, கால் மணி நேரம். பிறகு எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த வாசம் வந்தது. முப்பது வருஷம் அடுத்தவன் எரித்த காயிலைப் பிரித்தவன், அன்றைக்கு என்னுடையதைப் பிரித்தேன். கன்ட்ரோலர் முக்கியபோது அது மோட்டாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

மாட்டுவதற்கு முன்னால்

மோட்டார் கைக்கு வந்ததும் மூன்று தடித்த வயரும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்போது சக்கரத்தைச் சுற்றுங்கள். லேசாகச் சுற்றும். இப்போது எந்த இரண்டையாவது சேர்த்துப் பிடித்துச் சுற்றுங்கள். உள்ளே யாரோ பிடித்து இழுப்பது போல வெட்டி வெட்டிச் சுற்றும். சுற்றினால் மோட்டாரும் மின்சாரம் தரும். பணகுடிக் காற்றாலை செய்வதும் அதைத்தான். மூன்று ஜோடியிலும் ஒரே மாதிரி வெட்டினால் நல்லது. வயரைச் சேர்க்காமலே வெட்டினால் உள்ளே காயில் ஷார்ட். பிறகு மீட்டரை வைத்து, எந்த வயருக்கும் மோட்டார் உடம்புக்கும் தொடர்பு இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காயிலின் மின்தடையைச் சாதாரண மல்டிமீட்டர் அளக்காது, அவ்வளவு சிறியது. அதற்குப் பட்டறை வழி ஒன்று இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரி, தொடரில் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பு, அதற்குப் பின் மோட்டாரின் இரண்டு வயர். நாலரை ஆம்பியர் போல ஓடும். அதை அளந்து குறித்துக்கொண்டு, மோட்டார் வயர் இரண்டின் மேல் வோல்ட்டை அளங்கள். 0.45 வோல்ட் வந்தால் 0.1 ஓம். மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த மோட்டார் ஏற்கெனவே ஒருமுறை வெந்தது. இந்த எண்ணை எழுதிவையுங்கள். பின்னால் வேண்டும்.

ஹால் சென்சாருக்கு ஐந்து மெல்லிய வயர். சிவப்பில் 5 வோல்ட், கறுப்பு நெகட்டிவ், மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் சேதி சொல்கிறவை. கன்ட்ரோலரோடு இணைத்து, தடித்த வயரை மாட்டாமல், சக்கரத்தைக் கையால் மெல்ல நகர்த்திக்கொண்டே ஒவ்வொன்றையும் அளந்தால் 0, 5 என்று மாறி மாறி வரும். ஒன்று அசையாமல் நின்றால் அது போய்விட்டது. மூன்றும் ஒரே நேரத்தில் 0 ஆகவோ 5 ஆகவோ இருப்பதும் தவறு.

கன்ட்ரோலரைப் பேட்டரி இல்லாமலே பார்க்கலாம். மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைப் பெட்டியின் நெகட்டிவிலும் கறுப்பை மூன்று தடித்த வயரிலும் மாறி மாறி வையுங்கள். 0.4-லிருந்து 0.6 வரை, மூன்றும் சமமாக வரும். பிறகு கறுப்பைப் பாசிட்டிவில் வைத்துச் சிவப்பால் மூன்றையும் தொடுங்கள். எங்காவது 0 வந்தால் அங்கே மாஸ்ஃபெட் எரிந்து ஒட்டிக்கொண்டது.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போடுவேன். நல்ல பெட்டியானால் பல்பு எரியாது. ஷார்ட் இருந்தால் மங்கலாகச் சிவந்து நின்று காட்டிக்கொடுக்கும், எதுவும் வெடிக்காது. அப்புறம் பல்பை எடுத்துவிட்டு 5 ஆம்பியர் ஃபியூஸ், சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில். நிறத்துக்கு நிறம் வயரை மாட்டினால் சரியாகச் சுற்றும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஹால் வயர்களை அப்படியே விட்டு, தடித்த வயர் மூன்றையும் மாற்றி மாற்றி மாட்ட ஆறு வழிகள். அதில் ஒன்றுதான் சரி. அதில் 48 வோல்ட்டுக்கு ஒன்று, இரண்டு ஆம்பியரில் சத்தமில்லாமல் ஓடும். மற்றவை உறுமும், துள்ளும், அல்லது சுற்றிக்கொண்டே ஆம்பியரை விழுங்கும். பின்னோக்கிச் சுற்றினால் ஹாலில் இரண்டு வயரை இடம் மாற்றி மறுபடி ஆறையும் பார்க்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, அரை மணி நேரம்.

ஆக்ஸிலேட்டரையும் அப்போதே பாருங்கள். விட்ட நிலையில் 0.8 வோல்ட் பக்கம், முழுசாகத் திருகினால் 4-ஐ ஒட்டி. அதன் கறுப்பு வயர் ஓட்டத்தில் அறுந்தால் சிக்னல் தானாக உச்சத்துக்கு ஏறிவிடும். நல்ல கன்ட்ரோலர் அதைத் தவறென்று அறிந்து நிறுத்தும். மலிவானது சக்கரத்தை முழு வேகத்தில் விடும். உங்களுடையது எந்தச் சாதி என்று, சக்கரம் தூக்கியிருக்கும்போதே கறுப்பு வயரைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். இரண்டாவதாக இருந்தால் பிரேக் கட்-ஆஃப் சுவிட்சும் கைக்கு எட்டும் ஒரு கில் சுவிட்சும் (மோட்டாரை உடனே நிறுத்துவது) இல்லாமல் வண்டியில் ஏறாதீர்கள்.

பாரத்தோடு

வண்டியைக் கட்டியபின், ரோட்டுக்கு முன்னால் வேப்பமரம். ஆக்ஸிலில் டார்க் ஆர்ம் பட்டை இறுக்கமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆக்ஸிலே சுழன்று வயரை முறுக்கி அறுத்துவிடும். வண்டியின் பின்பக்கத்தை நல்ல கயிற்றால் மரத்தில் கட்டி, நடுவில் 50 கிலோ தொங்கு தராசு. ஒருவர் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருக, இன்னொருவர் தள்ளி நின்று தராசைப் பார்க்க வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் வேண்டாம். நம் கணக்கின் 138 நியூட்டன் தராசில் 14 கிலோ. அது கூட வராத வண்டி அந்த ஏற்றம் ஏறாது. 25 கிலோ வந்தால் நூற்றுக்குப் பத்து ஏற்றத்திலும் அசையும். அசையும் என்றுதான் சொல்கிறேன். எவ்வளவு நேரம் தாங்கும் என்பது சூட்டின் கையில்.

இதற்கெல்லாம் சொந்த இடமோ, அனுமதி பெற்ற வளாகமோ வேண்டும். அரை மணித் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்குள், கூடவே சோதனை அமைப்பின் சான்று என்று இருக்கிற வண்டிக்கு மட்டும்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பதிவிலிருந்து விலக்கு. பெட்ரோல் வண்டியை மாற்றுவதற்கு ஏ.ஐ.எஸ். 123 என்கிற வாகனத் தரத்தில் அங்கீகாரம் பெற்ற கிட் வேண்டும், ஆர்.சி. புத்தகத்திலும் ஏற வேண்டும். நாம் கட்டுகிற 48 வோல்ட் மொபெட்டை அப்படியே கொக்கிரகுளம் பாலத்தில் ஏற்ற முடியாது.

சூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. காயில் உள்ளே இருக்கிறது, நடுவில் காற்று இடைவெளி. மூடி வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே நூறு டிகிரியைத் தாண்டியிருக்கும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியிலேயே பலம் இழக்கத் தொடங்கும், உயர்ந்த ரகங்கள் 120, 150 வரை தாங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் மோட்டார் கிளம்பும்போதே 40-இல் இருக்கிறது. உள்ளே ஒரு வெப்ப சென்சார் ஒட்டிவிடுவது நல்லது. ஒட்டாத மோட்டாருக்குத்தான், முன்னே எழுதிவைக்கச் சொன்ன அந்த மின்தடை எண். செம்பின் மின்தடை டிகிரிக்கு நூற்றுக்கு 0.39 பங்கு ஏறும். ஓட்டி நிறுத்திய உடனே அதே பேட்டரி, அதே பல்பு, அதே இரண்டு வயர்.

புதுக் காயில் கட்டி, ஈயம் வைக்காத கன்ட்ரோலரோடு அதே தடத்தில் அதே ஆடிக் காற்றில் அரை மணி நேரம் ஓட்டினேன். முக்கிக்கொண்டுதான் போனது. கிளம்பும்போது 32 டிகிரி, 0.100 ஓம். திரும்பி வந்து அளந்தபோது 0.124. அறுபத்திரண்டு டிகிரி ஏறியிருக்கிறது, ஆக மொத்தம் 94. என் மோட்டாரில் இருப்பது 120 டிகிரி ரகக் காந்தம்.

"அப்ப இன்னும் இருவது டிகிரி ஏத்தலாம்லா அண்ணாச்சி?" என்றான் ஒரு பாலிடெக்னிக் பையன். தராசையும் கயிற்றையும் சுருட்டி அவன் கையில் கொடுத்தேன்.